கேட்காமல் வரைந்த கெரோசாங்

மெர்லிமாவ் ஊரைத் தாண்டியதும் போலீஸார் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குகிறார்கள். மலாயாவின் அவசரகாலச் சோதனை; காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது எதையாவது கொண்டுபோகிறார்களா என்று. என் சட்டைப்பையில் ஒரு தாளில் பென்சில் படம் இருக்கிறது.

பக்கத்து இருக்கையில் வந்த மலாக்கா செட்டி அம்மாள், பித்தான் இல்லாத கெபாயாச் சட்டையின் முன்புறத்தை அந்தக் காலத்துக் கெரோசாங் ஊசிகளால் குத்தியிருக்கிறார். இதய வடிவில் பெரிய ஊசி ஒன்று, வட்டமாகச் சின்னது இரண்டு, மூன்றையும் கோத்து ஒரு சங்கிலி. நான் நகை செய்கிறவன். இதை வைத்துப் புது மாதிரிப் பதக்கம் செய்யலாமென்று அவருக்குத் தெரியாமல் வரைந்துவிட்டேன். கேட்க வாய் வரவில்லை.

போலீஸ்காரர் தாளை விரித்து மலாயில் கேட்கிறார். "இது மலை, இது ரெண்டும் கேம்ப், நடுவுல பாதை. காட்டுல யாருக்குக் கொண்டுபோற?"

நகைப் படம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆனாலும் அந்த அம்மாள் முன்னால் உண்மையைச் சொல்லக் கூசுகிறது.

அவரே முன்னால் வந்து தன் ஊசிகளைக் காட்டுகிறார். "படத்துல இருக்கிறது இதுதான், துவான். நான்தான் வரையச் சொன்னேன்."

விட்டுவிடுகிறார்கள். பஸ் கிளம்பியதும் மூன்று ஊசிகளையும் கழற்றி என் மடியில் வைக்கிறார்.

"சங்கிலி தப்பா போட்டிருக்க லா, தம்பி. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. நல்லா பாத்து வரை."

கெபாயா விலகாமல் ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கையைப் பார்க்க முடியாமல் குனிந்தே இருக்கிறேன். பென்சில் ஓடவில்லை.