அக்தரின் கூழைக்கடா சட்டை

என் தம்பி அக்தருக்கு முப்பத்தொரு வயது. தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் எந்த ஓட்டலில் ஃப்ரீசர் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தொழுகை தவற மாட்டான், பீடி சிகரெட் கிடையாது. எல்லாம் சரி, அவனுடைய பீரோவைத் திறந்து பார்த்தால் நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அவன் கடையில் வாங்கிய சட்டை நாலே நாலுதான். மீதி முழுக்க ஓட்டல் டி-ஷர்ட்.

பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை, காபிக் கடை, கொடைக்கானல் லாட்ஜ் தொப்பிகூட உண்டு. வேலை முடிந்து டிப்ஸ் கொடுத்தால் வேண்டாம் என்பான். ஸ்டாஃப் டி-ஷர்ட் பழசு ஒன்று இருந்தால் கொடுங்கள் சார் என்று பல்லை இளிப்பான். ஏன்டா இந்தப் பிச்சை என்று கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தான். முன்வாசலில் போகிறவன் சாப்பிட்டுவிட்டு பில்லை எடுத்துக்கொண்டு வருகிறான், பின்வாசலில் போகிற நான் சட்டையை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்பான். அதைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றால் நாலு பேர் வலிய வந்து பேசுவார்களாம், அங்கே சாப்பாடு எப்படி என்று விசாரிப்பார்களாம். அந்த ஓட்டல்களில் ஒன்றில்கூட இவன் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது.

பார் டி-ஷர்ட்டும் அதில் சேர்த்தி. ஒரு சொட்டு தொடாதவன், முதுகில் பாட்டில் படத்தோடு அலைந்தால் பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அவனை வளர்த்த என்னைத்தானே ஊர் காறித் துப்பும்? வெளியே போடாதே என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

இரண்டு சம்பந்தம் தட்டிப்போய், மூன்றாவதாக வந்தவள் ரூக்சார். கூடுவாஞ்சேரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சையின் மகள். எங்கள் எல்லாருக்கும் அவளைப் பிடித்துவிட்டது. அவள் அத்தா மட்டும் பதில் சொல்லவில்லை. எங்களில் பெண் கொடுக்கிறவர்கள் சிலர் ஒரு வேலை செய்வார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் பள்ளிவாசலுக்கு வந்து, ஜும்ஆ தொழுகையில் அவனைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அக்தருக்கு வெள்ளை ஜிப்பாவை இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து என் வீட்டுக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. அவர் சொன்னது இதுதான். காலையில் பெருங்களத்தூரில் வேலை பார்த்த இடத்தில் வேலைச் சட்டையிலும் ஜிப்பாவிலும் கம்ப்ரசர் ஆயில் கொட்டியிருக்கிறது. இந்த மடையன் பைக் பெட்டியில் கிடந்த ஒரு கறுப்பு டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, குத்பா பிரசங்கம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்திருக்கிறான். வரிசையில் இடைவெளி விடக் கூடாது என்பதால், முன்னே போ, முன்னே போ என்று இரண்டாவது வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். முன்பக்கம் வெறும் கறுப்பு. முதுகு பூராவும், வாயில் பீர் பாட்டிலைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு கூழைக்கடாப் பறவை. மாமல்லபுரம் பக்கத்து பார் ஒன்றின் படம் அது.

அவனுக்கு நேர் பின்னால் நின்று தொழுதவர் மைதீன் பிச்சை.

அக்தர் வந்ததும் வராததுமாக அந்தச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். என் வாயில் வராத வார்த்தை இல்லை. கத்தரிக்கோலை எடுத்து, அவன் கண் முன்னாலேயே தரை துடைக்கிற துணியாகத் துண்டு துண்டாக வெட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

வெட்டி முடிப்பதற்குள் வாசலில் மைதீன் பிச்சை வந்து நின்றார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஸலாம் சொல்லி உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அந்தச் சட்டை எங்கம்மா?"

கீழே கிடந்த துண்டுகளைக் காட்டினேன். அந்த மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து, கூழைக்கடாவைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு துண்டாகப் புரட்டினார். சட்டையின் கீழ் ஓரம் வந்த துண்டில் அவர் கை நின்றது. ஓரத்தில் பச்சை நூலில் இரண்டு பெருக்கல் குறி. நாங்கள் யாரும் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை.

அவருக்கு தௌசிப் என்று ஒரு மகன் உண்டு என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஹாஸ்டலில் துணி மாறிவிடக் கூடாது என்று அவன் உம்மா எல்லாத் துணியிலும் அந்தக் குறியைத் தைத்து அனுப்புவாராம். படித்து முடித்தவன், ஓட்டல் வேலைக்குத்தான் போவேன் என்று நின்றிருக்கிறான். எச்சில் தட்டு எடுக்கிறவனுக்கு என் வீட்டில் இடமில்லை என்று இவர் சொல்லிவிட்டார். மூன்று வருடமாக அவனிடமிருந்து ஒரு போன் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

"தொழுகையில அத்தஹியாத்துல உக்காந்துகினு இருக்கேன், கண்ணு முன்னாடி இது தெரியுது," என்றார். "அவங்க உம்மா தெச்சா நேரா கீதும்மா. இது கோணலா கீது. அவனே தெச்சிக்கினுகீறான்."

அந்த பார் சமையலறையில் ஒல்லியாக ஒரு பையன்தான் இதைக் கொடுத்தான் என்று அக்தர் திக்கித் திக்கிச் சொன்னான். கூடுவாஞ்சேரி பக்கம் போவீங்களா அண்ணா என்று கேட்டானாம். தினமும் போவேன் என்றதும் லாக்கரிலிருந்து எடுத்து வந்து, இதைப் போட்டுக்கொண்டு போங்கள் என்றானாம். ஓசியில் சட்டை கிடைத்த சந்தோஷத்தில் இவன் வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் அப்போதே பைக்கில் கிளம்பினார்கள். மைதீன் பிச்சை அந்த ஓரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனார். நான் அதையும் இரண்டாக வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கத்தரிக்கோலைக் கொண்டுபோய் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அக்தர் போன் பண்ணினான்.

"அக்கா, பின்வாசல்லதான் நின்னோம். எச்சில் தட்டுக் கூடையைத் தூக்கிட்டு அவன் வெளிய வந்தான். இவரைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டான்."

"அவர் இன்னா பண்ணார்டா?"

"கூடையோட இன்னொரு பக்கத்தைப் புடிச்சிக்கினார். ரெண்டு பேருமா கழுவுற தொட்டிக்குத் தூக்கினு போறாங்க."

சம்பந்தத்தைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, வெட்டிப் போட்ட துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.