சுண்டுவிரலில் வைத்த கறுப்பு

பச்சை அண்டியை நகத்தால் கீறினால் முதலில் மூக்கில் ஏறுவது ஒரு கார நெடி. பிறகு ஓட்டுக்குள்ளிருந்து பிசுபிசுவென்று எண்ணெய் கசியும், அது பட்ட இடம் கறுத்து, இரண்டொரு நாளில் வெந்து, தோல் உரிந்துவிடும். முந்திரிக்கொட்டையைத்தான் எங்கள் திருவட்டாறுப் பக்கம் "அண்டி" என்போம். அதை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலைக்கு "அண்டி ஆபீஸ்" என்று பெயர். பெயரில்தான் ஆபீஸ்; உள்ளே பெண்கள் தரையில் வரிசையாகக் குந்தியிருந்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கட்டையால் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருப்பார்கள். என் அம்மா அவர்களில் ஒருத்தி. அவளுடைய விரல்நுனிகள் பத்தும் கறுத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் தம்பிக்குச் சோறு பிசைவாள்.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பி சுனிலுக்கு மூன்று. அப்பா சவுதியில் கொத்தனார். எனக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது ஊசிதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட ஊர் நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று, நான் மதில் ஏறிக் குதித்து ஓடிவிட்டேன். அவரை நாங்கள் "ஊசி சிஸ்டர்" என்போம். நான் ஓடியதைக் கேள்விப்பட்டு அவர் சிரித்துக்கொண்டே, "அவ எங்க போவா? எனக்க கையிலதானே வந்து சேரணும்" என்றாராம். கூடப் படித்தவள் இதை வந்து சொன்ன நாள்முதல், வெள்ளைச் சேலை எங்கே தெரிந்தாலும் ஓடி ஒளிந்துகொள்வேன். அந்தக் கை என்னைத் தேடிக்கொண்டே இருக்கிறது என்றே நம்பினேன்.

போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கென்று பார்த்து அம்மாவுக்கு அஞ்சுகிராமத்தில் ஒரு "துட்டி", அதாவது சாவு வீடு. விடியும் முன்பே கிளம்பியவள், வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னாள்:

"ஏட்டி, தம்பிய பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி சொட்டு மருந்து குடுத்துட்டு வந்துரு. மறந்துராத, கேட்டியா?"

நான் மறக்கவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வளைவு வரை போனேன். அங்கே நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே, பனிக்கட்டிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்கிறீர்கள்? ஊசி சிஸ்டர்! சொட்டு மருந்துக்கு ஊசி கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தம்பிக்குச் சொட்டு, அக்காளுக்கு ஊசி என்று பிடித்துக்கொண்டால்? வந்த வழியே திரும்பி ஓடினேன்.

மருந்து குடித்த பிள்ளைகளுக்கு இடது சுண்டுவிரல் நகத்தில் கறுப்பு மை வைத்துவிடுவார்கள். அதுதான் அடையாளம், அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எங்கள் வீட்டின் பின்னால் ஒரு கொல்லாமரம் நின்றது. முந்திரி மரத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பச்சை அண்டி ஒன்றைப் பறித்தேன், கீறினேன், ஈர்க்கிலால் தொட்டுத் தம்பியின் சுண்டுவிரல் நகத்தில் வைத்தேன். அவன் கையை உதறியதில் பக்கத்துத் தோலிலும் பட்டுவிட்டது. அண்டி ஆபீஸ்காரி மகளுக்கு அல்லாமல் வேறு யாருக்கு இப்படி ஒரு புத்தி வரும்? சாயங்காலம் அம்மா வந்து விரலைப் பார்த்து, "செரி" என்றாள். மறுநாள் விடுபட்டவர்களைத் தேடி வீடுவீடாக வந்த இரண்டு பெண்களும் விரலைப் பார்த்தார்கள், கதவில் சாக்கட்டியால் எதையோ எழுதிவிட்டுப் போனார்கள். அந்தக் கதவு எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பொய்யையே எழுதி வைத்தது போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை தம்பியின் விரல் வீங்கிக் கொப்பளித்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்டி எண்ணெய்ப் புண் அவளுக்குத் தெரியாததா? அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்க கைதான். நல்லா கழுவாம பிள்ளையத் தொட்டுட்டேன். எனக்க கைதான் சுட்டுது" என்று அழுதாள்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அன்று முதல் அம்மா தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதை நிறுத்தினாள், கரண்டியால் கொடுத்தாள். எங்கள் கன்னத்தைத் தொட வேண்டுமானால் கையைத் திருப்பிப் புறங்கையால் தொட்டாள்.

அது போதாதென்று அடுத்த வாரம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை காலை, அம்மா வேலைக்குப் போன பிறகு, எழுந்தவன் நிற்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். தூக்கி நிறுத்தினால் ஒரு காலை ஊன்றாமல், "காலு, காலு" என்று கத்தினான். எங்கள் சந்திப்பில் ஒரு தையல்கார அண்ணன் இருந்தார். சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் மெலிந்து, முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடப்பார். தம்பியும் அப்படி நடப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான்தான் அவன் காலை எடுத்துவிட்டேன். அம்மாவின் கையையும் நான்தான் எடுத்தேன். இனி ஓட இடமில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க, ஊசி சிஸ்டர் இருக்கும் துணைச் சுகாதார நிலையத்துக்கே ஓடினேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளோடு எங்கள் வீட்டை அறியாத பக்கத்து ஊர்த் தாய்மார்கள் நிறைந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், "நான் மருந்து குடுக்கல்ல சிஸ்டர், அண்டிய வெச்சு ஏமாத்திட்டேன், இவனுக்குக் காலு போச்சு" என்று கதறினேன்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. தம்பியைப் படுக்கவைத்து, காலைப் பைய மடக்கி நீட்டி, தொடையிடுக்கில் தொட்டுப் பார்த்து, பாதத்தைத் திருப்பினார். அடிப்பாதத்தில் ஒரு முள் குத்தி சீழ் வைத்திருந்தது.

"காலு ஒண்ணும் போகல்ல மக்களே. முள்ளு பழுத்து தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கு, அதான் வலி, காய்ச்ச" என்றார் என்னிடம். முள்ளை எடுத்து, மருந்து போட்டு, அவன் வாயில் இரண்டு சொட்டு விட்டார். நான் கேட்காமலே என் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நின்றேன். ஊசி குத்தியது எனக்கு நினைவில்லை. "அம்மைகிட்ட நீயே போயி சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்று சிஸ்டர் சொன்னதுதான் குத்தியது.

தம்பி நான்காம் நாள் ஓடினான். நான் மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, வருஷங்கள் போய்விட்டன. பயம் அப்படித்தான், கொஞ்சம் இடம் கொடுத்தால் குடித்தனம் வைத்துவிடும்.

போன மாதம், நெஞ்சுச் சளி வராமலிருக்க அம்மாவுக்குத் தடுப்பூசி போட அழைத்துப் போயிருந்தேன். முதியவர்களுக்கான வரிசையில் உட்கார்ந்து, ஊசியைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கினாள். கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நீட்டினேன். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். பக்கத்திலிருந்த நர்ஸ் பெண்ணிடம், "இந்தக் கைதான் மோளே, எனக்க மகனுக்க விரலச் சுட்டது" என்றாள். அண்டி ஆபீஸ் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது, அந்தக் கறுப்பும் அவள் கையை விட்டுப் போய்விட்டது. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அது நீ இல்லம்மா. நான்தான். சொட்டு மருந்துக்குப் போகாம அண்டிய வெச்சது நான்தான்."

அம்மா என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது கோபமல்ல, கிலி.

"அப்பம் பிள்ளைக்கி மருந்து குடுக்கவே இல்லியா? ஏட்டி, இப்பம் குடுத்தா கேக்குமா?" என்று எழுந்துவிட்டாள். பிள்ளைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, துபாயில் லாரி ஓட்டுகிறான்.

"அடுத்த வாரமே நான் கொண்டுபோயி குடுத்துட்டேம்மா" என்றேன், அழுகையோடு.

கதவுகளில் சாக்கட்டியால் எழுதும் ஆட்கள் இன்று வருவதில்லை. கொல்லாமரம் நின்ற இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். தையல்கார அண்ணன் இறந்துவிட்டார்; அவரைப் போல் நடக்கும் ஒரு குழந்தையை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை.

அம்மா மெல்ல உட்கார்ந்து, "பொல்லாத குட்டி" என்றாள். பிறகு கையைத் திருப்பாமல், உள்ளங்கையாலேயே என் கன்னத்தைத் துடைத்தாள்.