கொண்டைக்குருவிக்கு எந்த ஊர்?

போன கிழமை தன் பிறந்தநாளென்று பெறாமகள் என்னை உப்புவெளியில் ஒரு விடுதிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நண்டுக்கறியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் தோட்டத்தில்தான். கை கழுவிவிட்டு வெளியே வந்தால், செவ்வரத்தை வேலியோரம் புதிதாகப் பலகைகள் நட்டிருந்தார்கள். பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பறவையின் படம், கீழே அதன் விஞ்ஞானப் பெயர், அதற்குக் கீழே கருத்து. கொண்டைக்குருவியின் பலகையில் இப்படி இருந்தது: 'பிக்னோனோட்டஸ் கஃபெர். காப்பிரி நாட்டுக் குருவி. ஆபிரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறியது.'

எனக்கு விசர் வந்தது. கொண்டைக்குருவியை உங்களுக்குத் தெரியாமலிருக்காது. கறுப்புத் தலை, அதில் ஒரு சின்னக் கொண்டை, வாலுக்கடியில் குங்குமம் அப்பியதுபோல் சிவப்பு. அது கூடு கட்டாத வேலி எங்கள் ஊரில் இல்லை. அந்தப் பலகைக்கு மேலேயே ஒன்று குந்திக்கொண்டிருந்தது. விடுதிப் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொன்னேன். ஒரு பொடியன் வந்தான்.

"தம்பி, இது ஆர் எழுதினது?"

"நான்தான் மிஸ். இன்ரநெற்றில பாத்து எழுதினனான்."

என் முகத்தில் ரீச்சர் என்று எழுதி ஒட்டியிருக்கிறதுபோல. முன்பின் தெரியாதவர்களும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"இந்தக் குருவி ஆபிரிக்காவில இருந்து வரேல்லை. இது இஞ்சத்தையது."

"பேரே அப்பிடித்தானே மிஸ் இருக்கு" என்றான் அவன், மரியாதையாக.

பெறாமகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் பிறந்தநாள் விருந்தைக் கெடுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெயின்ற் மணம் என்னை விடவில்லை. அது பிலோமினா வீட்டு மணம்.

பிலோமினாவின் தகப்பனார் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்தவர். மிஞ்சியதெல்லாம் பாலையூற்று வீட்டுக்கு வந்துவிடும். கேற் சாம்பல் நிறம், பூச்சாடி சாம்பல் நிறம், குசினிக் கதிரை, கோழிக்கூடு எல்லாம் கப்பல் நிறம். அந்த வீட்டில் அசையாமல் அரைமணித்தியாலம் இருந்தால் எனக்கும் ஒரு பூச்சுப் பூசிவிடுவார்கள் என்று நான் பகிடி பண்ணுவேன். பிலோமினா காப்பிரி. போர்த்துக்கீசரும் பிறகு இங்கிலீஷ்காரரும் சண்டை பிடிக்கவும் மூட்டை தூக்கவும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆட்களின் வழி. அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லுவார்கள். அவளுக்கு அதில் ஒரு வெட்கமும் இருக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அப்போது ஓர்ஸ் ஹில்லில் ஒரு டியூட்டரியில் படிப்பித்தோம். கிடுகுக் கொட்டகை. காற்றுத் திரும்பினால் உள்துறைமுகத்து எண்ணெய் மணம் வகுப்புக்குள் வந்து குந்தும். நான் தாவரவியல், அவள் விலங்கியல். என் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், அவளுடைய வகுப்பில் வாங்கிலில் இடமிருக்காது. விஞ்ஞானப் பெயர்களை அவள் அயல்வீட்டுச் சங்கதிபோல் சொல்லுவாள். மைனாவுக்கு 'டிரிஸ்டிஸ்', கவலைக்காரன். "விடிஞ்சா பொழுதுபட்டாச் சண்டை பிடிக்கிற சாமானுக்கு என்ன கவலை?" மீன்கொத்திக்குச் 'சிமிர்னென்சிஸ்', துருக்கியில் ஒரு பட்டினத்தின் பெயர். காகத்துக்கு 'ஸ்பிளென்டென்ஸ்', ஜொலிக்கிறவன். அதைச் சொல்லிவிட்டுத் தன் கறுத்த கையை நீட்டிக் காட்டி, "பேர் வச்சவனுக்குக் கண் இருந்திருக்கு" என்பாள்.

அந்த டியூட்டரியில் நிரந்தரமாக ஒரு விலங்கியல் ஆசிரியரை எடுக்கப்போவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். மாஸ்டர் என்றால் டியூட்டரியின் சொந்தக்காரர். பிலோமினா அந்த இடத்தையே நம்பியிருந்தாள். தகப்பனாருக்கு நெஞ்சு பழுதாகி வேலை நின்றுவிட்டது. இது கிடைத்தால் ஊரில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தமக்கையிடம் போகவேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்.

அந்த நாட்களில்தான் கொண்டைக்குருவியின் பாடம் வந்தது. 'பிக்னோனோட்டஸ்' என்றால் அடர்ந்த முதுகு. 'கஃபெர்' என்றதும் பின்வாங்கிலிருந்து ஒருத்தன், "மிஸ், அப்ப இது உங்கட சொந்தக்காரரோ?" என்றான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பக்கத்து வகுப்பில் நின்ற எனக்குச் சோக்கட்டியால் எறியவேண்டும்போல் இருந்தது. அவளும் சிரித்தாள்.

"ஓம், சொந்தம்தான். கேளுங்கோ" என்றாள். "அரபு வியாபாரிமார் தங்கட மார்க்கத்தை நம்பாதவையைச் சொன்ன சொல்லு. அதைப் போர்த்துக்கீசன் எடுத்து ஆபிரிக்கா ஆக்களுக்கு வச்சான். பிறகு அது அந்தத் தேசத்துக்கே பேராப் போச்சு. ஐரோப்பாவில ஒருத்தர் செத்த குருவியின்ர தோலை வச்சுக்கொண்டு, இது தென்னாபிரிக்காவில பிடிச்சது எண்டு எழுதிப்போட்டார். அதை நம்பி இன்னொருத்தர் பேர் வச்சார். ரெண்டு பேரும் ஒரு வேலியையும் எட்டிப் பாக்கேல்லை."

"அப்ப பிழைதானே மிஸ்?"

"பிழைதான். கனகாலத்துக்குப் பிறகு கண்டுபிடிச்சு, இதின்ர ஊர் இலங்கை எண்டு திருத்திப்போட்டினம். ஆனாப் பேரை மாத்த ஏலாதாம். முதல் வச்ச பேர் பிழையெண்டாலும் அதுதான் நிக்குமாம். அது அவையின்ர சட்டம்."

இதைவிட மானங்கெட்ட சட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பிழை என்று தெரியும், பிழை என்று எழுதியும் வைப்பார்கள், ஆனால் திருத்தமாட்டார்கள். அன்று அவளோடு பஸ்சுக்கு நடக்கும்போது நான் பொரிந்து தள்ளினேன். அவள் கச்சான் கொட்டையை உடைத்து எனக்குத் தந்துகொண்டே, "குருவி உம்மை மாதிரிக் கோவிக்கேல்லை, நீர் கச்சானைச் சாப்பிடும்" என்றாள்.

இரண்டு கிழமை கழித்து மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். "நீர் நல்லாப் படிப்பிக்கிறீர் பிள்ளை, அதில கதையில்லை" என்றார். "ஆனாத் தாய் தேப்பன்மார் இஞ்சத்தைய ஆள் ஒராளை எதிர்பாக்கினம்."

"நான் இஞ்சத்தைய ஆள்தான் மாஸ்டர்."

"அது சரி. உங்கட ஆக்கள் முந்தி வந்த இடம் வேறதானே."

நான் குறுக்கே விழுந்தேன். "மாஸ்டர், என்ர அப்பா பருத்தித்துறை. துறைமுகத்தில வேலை கிடைச்சு, நான் பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் இஞ்ச வந்தவர். பிலோமினான்ர ஆக்கள் கோட்டை கட்டின காலத்தில இருந்து இஞ்ச இருக்கினம். என்னட்டை ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"உமக்கென்ன பிள்ளை, நீர் எங்கட ஆள்" என்றார், சமாதானமாக. அந்தச் சமாதானத்தை நினைத்தால் இன்றைக்கும் பத்தி எரிகிறது.

அந்த இடத்துக்கு என் அப்பாவின் ஊர்ப்பக்கமான வடமராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், அவரில் பிழையில்லை. பஸ்சால் இறங்கிய அன்று தபால் கந்தோர் எங்கே இருக்கிறது என்று பிலோமினாவிடம்தான் கேட்டார். அவள் பாதை சொன்னாள். அந்த மாதமே குவைத்துக்குப் போய்விட்டாள். மைனாவின் கவலையைச் சொல்லி ஒரு கொட்டகையையே சிரிக்கவைத்தவள், எவரோ ஒருவருடைய வீட்டில் தரை துடைக்கப் போனாள். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

விருந்து முடிந்ததும் பெறாமகளை அனுப்பிவிட்டு நான் பாலையூற்றுக்கு ஓட்டோ பிடித்தேன். அவர்களுடைய ஒழுங்கையில் முந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வயலின் கேட்கும். பைலாப் பாட்டுக்குக் கிழவிமார்கூடப் பாவாடையைத் தூக்கிப்பிடித்து ஆடுவார்கள். என்னையும் ஒருமுறை இழுத்துவிட்டு, கூட்டுகிற தும்புத்தடிக்கு ஆட்டம் வந்ததுபோல் என்று சிரித்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் மதில். செவ்வரத்தை வேலி இல்லை, கப்பல் நிறக் கேற்றும் இல்லை. முடக்கில் ஒரு புதுக்கடை. அங்கே நின்ற பெட்டையிடம், பெயின்ற் அடிக்கிறவரின் வீடு, மகள் பிலோமினா மிஸ், என்று அடையாளம் சொன்னேன்.

"அந்தக் காப்பிரி ஆக்களோ ரீச்சர்?" என்றாள். "அவை இஞ்ச ஒருத்தரும் இல்லை. தங்கட ஊருக்குத் திரும்பிப் போட்டினம் போல. ஆபிரிக்காவுக்கு."

நல்ல பிள்ளை. வெயிலுக்குள் நிற்கிறேன் என்று கதிரையும் எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. பிலோமினா தன் வாழ்நாளில் ஆபிரிக்காவைக் கண்டதில்லை. கொண்டைக்குருவியும்தான்.