கிணற்றுக்குள் சொன்ன சாவுச் செய்தி

கிளியோபாஸ் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிகூடக் கிடையாது. அதனால் அவரைப் பற்றி நான் எழுதப்போவதில் முக்கால்வாசி கண்ணால் பார்த்தது. மீதிக் கால்வாசியை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. வெயிலடிக்கும் நாட்களில் நானே அதை நம்புவதில்லை.

எங்கள் பிர்ஜை ஊர்ப் பக்கத்தில் பீர் காய்ச்சாத வீடு அபூர்வம். இருந்தாலும் கல்யாணம், ஞானஸ்நானம், கோயில் திருவிழா என்று வந்துவிட்டால் ஊரே கிளியோபாஸின் வாசலில்தான் வந்து நிற்கும். பகலில் அவர் கூட்டுப் பண்ணையில் டிராக்டர் பழுது பார்ப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பெனிக்னாதான் கூட இருந்தாள். நாற்பது வருடமாக பார்லியை முளைகட்டியது, அடுப்பெரித்தது, தொட்டி தேய்த்தது எல்லாம் அவள். பக்குவம் பார்ப்பதும், பீரைப் பொங்கவைக்கும் ஈஸ்டைத் தொடுவதும் அவர். வீட்டுத் தலைவர் கைதான் அதைத் தொடலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

சாமான்கள் விஷயத்தில் மனிதர் பிடிவாதக்காரர். தொட்டி லிண்டன் மரத்தில்தான் இருக்க வேண்டும். ஓக் மரம் தன் ருசியையும் சேர்த்துப் பேசும், லிண்டன் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்பார். பண்ணையிலிருந்து யாரோ பளபளவென்று ஒரு பால் கேன் கொண்டுவந்து கொடுத்தபோது, பாலுக்கு நல்லது என்று சொல்லி அதிலேயே பால் ஊற்றித் திருப்பி அனுப்பினார். நான் பள்ளியில் வேதியியல் நடத்தியவள். ஒரு வெப்பமானியைக் கொடுத்தேன். அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு முழங்கையைத்தான் தொட்டியில் விட்டுப் பார்த்தார்.

ருசி விஷயம் இன்னும் மோசம். அரைத்த பார்லி முளையை வெந்நீரில் பிசைந்து, பெரிய ரொட்டிகளாகத் தட்டி அடுப்பில் வேகவைப்பார். மேல்தோல் கருகிவிட்டால் தொண்டையைப் பிடிக்கும், கருகாவிட்டால் பீர் வெறும் இனிப்புக் கஞ்சி. இரண்டுக்கும் நடுவில் செம்பழுப்புக் குதிரையின் முதுகு நிறம் ஒன்று உண்டு, அதற்காக அடுப்பு வாயிலேயே குந்தியிருப்பார். பிறகு ரொட்டிகளை உடைத்துத் தொட்டியில் போட்டு, அடியில் பரப்பிய வைக்கோலிலும் ஜூனிப்பர் கிளையிலும் வெந்நீரை வடியவிட வேண்டும். ஹாப்ஸ் பூவைத் தனியாகக் கொதிக்கவைத்து, அந்தக் கசப்பை ஒவ்வொரு கரண்டியாகக் கலப்பார். ஒரு வாய் குடிப்பார், ஒரு துண்டு கறுப்பு ரொட்டி கடிப்பார், மறுபடி குடிப்பார். இரண்டாவது வாய் மூன்றாவதைக் கேட்க வேண்டுமாம். கல்யாண பீரில் இனிப்பு ஒரு படி தூக்கல், இழவு பீரில் கசப்பு.

ஈஸ்டை ஜாடியில் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு வைப்போம். வீட்டுத் தலைவர் இறந்தால், சவப்பெட்டி வாசலைத் தாண்டுமுன் ஒருவர் போய்க் கிணற்றுச் சுவரை மூன்று முறை தட்டி, இறந்தவர் பெயரையும் இனி யார் தலைமை என்பதையும் ஈஸ்டிடம் சொல்ல வேண்டும். பிந்தினால் அது பெட்டியின் பின்னாலேயே போய்விடும். ஆற்றுக்கு அக்கரையில் வின்ட்சாஸ் வீட்டில் அடக்கம் முடிந்து வந்துதான் சொன்னார்கள். ஜாடியைத் தூக்கினால் புளித்த காடி நாற்றம். இன்றுவரை அந்த வீட்டார் ஊரெல்லாம் ஈஸ்ட் இரவல் கேட்டுத் திரிகிறார்கள்.

பண்ணை கலைக்கப்பட்ட வருடம், பிப்ரவரியில், கிளியோபாஸுக்கு நுரையீரலில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாதிரியார் வந்து சாகப்போகிறவர்களுக்கான எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மனதைத் தயார் செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். பெனிக்னா பகல் பஸ்ஸில் ஊர் திரும்பினாள். நான் கொடியில் விறைத்துப்போன போர்வைகளை உருவிக்கொண்டிருந்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் கிணற்றுக்குப் போய் மூன்று முறை தட்டினாள்.

"கிளியோபாஸ் செத்துட்டாரு. இனிமே நான்தான் உனக்கு."

நான் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய், இழவுக்கென்று பன்றிக்கறி ஊறவைத்தேன்.

பதினோராவது நாள் கிளியோபாஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கோட்டுக்குள் பாதி ஆள்தான் இருந்தார். சூப் கேட்டார். பெனிக்னா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கிணற்று விஷயத்தை இரண்டு பேரும் அவரிடம் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முன் பீர் போட்டார். பொழுது விடிந்தால் தொட்டி முழுக்க நுரை நிற்க வேண்டும். குட்டை மாதிரி அசையாமல் கிடந்தது. வைக்கோல் சரியில்லை என்றார். அடுத்த முறை தொட்டியை ஜூனிப்பர் கொதிநீரில் மூன்று தரம் அலசினார். அதற்கடுத்து அடுப்பின் தளத்தையே இடித்துக் கட்டினார். வேறு வயலின் பார்லி வாங்கினார். எல்லாத் தொட்டியும் பன்றிகளுக்குத்தான் போனது. கல்யாணக்காரர்கள் பேச்சை மாற்றிக்கொண்டு வேறு வீடுகளுக்கு நடந்தார்கள். பீர் காய்ச்சாத கிளியோபாஸுக்குத் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேசைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஜூன் மாதத்தில் என்னிடம் வந்து, பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியைக் கொண்டுவரச் சொன்னார். அவர் தொட்டியிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஈஸ்ட் சாகவில்லை. ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, நல்ல உயிரோடு இருந்தது. வேலைதான் செய்யவில்லை. இழவு வீட்டில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருப்பவர்கள் போல, நெருக்கி நெருக்கி, சும்மா இருந்தன. வேதியியலில் இதற்குப் பதில் இல்லை. அவரிடம் வெப்பம் போதாது என்று ஏதோ உளறினேன்.

கிளியோபாஸ் மெக்கானிக். எது கோளாறு என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவர். மாற்றாத பாகம் ஒன்றுதான் பாக்கி. மறுநாள் காலை ஒரே தொட்டியில் வடித்த இனிப்புநீரை இரண்டு வாளிகளில் ஊற்றினார். ஒன்றில் தன் கையால் ஈஸ்ட் விட்டார். இன்னொன்றில் பெனிக்னாவை விடச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவர் கரண்டியை அவள் கையில் திணித்தார்.

சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்குள் அவள் வாளி பொங்கி வழிந்தது. அவருடையது குட்டை. அவர் எழுந்து தன் உள்ளங்கையை அவள் வாளியின் நுரைமேல் வைத்தார். கைக்கு அடியிலிருந்து தொடங்கி விளிம்புவரை நுரை அப்படியே அமுங்கியது. இரைச்சல் நின்றது. அந்தக் கொட்டகையில் எங்கள் மூன்று பேர் மூச்சுதான் கேட்டது. இல்லை, இரண்டு பேருடையது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார்.

"எனக்குச் சாவு சொன்னது யாரு?"

"நான்தான் அண்ணே," என்றாள் பெனிக்னா. "டாக்டர் தாங்காதுன்னாரு. பிந்திட்டா எல்லாம் போயிருமேன்னு..."

"முந்திட்டா என்னாகும்னு யோசிச்சியா?"

"அத யாரும் செஞ்சு பாத்ததில்லயே."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவள் அப்போதே கிணற்றுக்குப் போய், அண்ணன் பிழைத்துவிட்டார் என்று சொன்னாள். மூன்று நாள் பார்த்தோம். பயனில்லை. நாலாம் நாள் அவரே குனிந்து, நான் கிளியோபாஸ், வந்திருக்கிறேன் என்று உள்ளே கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். கிணறு எதிரொலித்தது. 'நான்' திரும்பி வந்தது. 'வந்திருக்கிறேன்' திரும்பி வந்தது. நடுவிலிருந்த பெயர் வரவில்லை.

அவர் நிமிர்ந்தார். "தலைவி சொன்னா வேலக்காரன் தொடலாம். அது வழக்கத்துல உண்டு. என்னை வேலக்காரன்னு சொல்லு."

"யாருன்னு அது பேரக் கேக்குமே, அண்ணே."

"பேரில்லாதவன்னு சொல்லு. அண்ணேங்கறதயும் விட்ரு."

பெனிக்னா ஜாடிக் கயிற்றைத் தடவிக்கொண்டே நின்றாள். நாற்பது வருடம் தொட்டி தேய்த்த கை அது. அவள் வாளி பொங்கியபோது அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருந்தேன். முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொன்னால் அவர் அந்த வாரமே நிஜமாகச் செத்துப்போவார். அது அவளுக்கும் தெரியும்.

"சரி," என்றாள் கடைசியில். "ஆனா கசப்பு எவ்வளவுன்னு இனிமே நான்தான் சொல்லுவேன்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். அவள் சுவரைத் தட்டினாள்.

மறுநாள் அவர் கையால் விட்ட ஈஸ்ட் மத்தியானத்துக்குள் தொட்டி விளிம்பைத் தொட்டது. அவர் மரத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். அந்த பீர் முன்பிருந்ததைவிடக் கசப்பு அதிகம். முன்பிருந்ததைவிட நன்றாகவும் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. கல்யாணக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பெனிக்னாவிடம்தான் பேசினார்கள். தபால்காரி அவர் பெயருக்குக் கடிதம் கொண்டுவந்தால், அந்த ஆள் பிப்ரவரியிலேயே போய்விட்டான் என்று அவரே சொல்வார். பெனிக்னாதான் வாங்கி வைப்பாள்.

நாக்கை அடக்கத் தெரியாதவள் நான். இலையுதிர் காலத்தில் ஒருநாள், அவர் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து "கிளியோபாஸ்" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பவில்லை. தொட்டிக்குள் இரைச்சல் நின்றது.

பெனிக்னா தலையைத் தூக்கினாள். "டீச்சர், செத்தவங்க பேர இங்க சொல்லாதீங்க."

அவர் கிளறிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நுரை மறுபடி பேசத் தொடங்கியது.