இடது மார்பில் குத்திய நட்சத்திரம்

நெவில் கிராப்ட்ரீயைப் பற்றி யாராவது நல்லதாக எழுதிவிடப் போகிறார்களே என்ற பயத்தில்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆள் செத்துப்போய்விட்டானோ என்று நினைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆயுசு கெட்டி. போன மாதம் ஒரு பத்திரிகைக்காரர் எங்கள் கிளப்புக்கு வந்து, அவனுடைய நீண்ட அரசியல் வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். அரசியல் வாழ்க்கையாம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு ஒரு கிளாஸ் பீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். ஆஸ்கிரேவ் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் பீர் ஊற்றியே எனக்குத் தலை நரைத்தது. இந்த ஊரில் யார் எப்பேர்ப்பட்டவர் என்று எனக்குத் தெரியாதா?

அவனைச் சொல்வதற்கு முன்னால் அவன் அப்பாவைச் சொல்ல வேண்டும். ஹெர்பர்ட் கிராப்ட்ரீ எங்கள் ஊர்க்காரர் இல்லை, லெஸ்டரிலிருந்து வந்தவர். கடற்படையில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன். யுத்தம் நடந்துகொண்டிருந்தது, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆனால் கரி வெட்ட ஆள் இல்லை. அதனால் சர்க்கார் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் விழுந்த பையன்களையெல்லாம் பட்டாளத்துக்குப் பதிலாகச் சுரங்கத்துக்கு அனுப்பியது. அந்த உத்தரவைப் போட்ட மந்திரியின் பெயரை வைத்து அவர்களைப் பெவின் பையன்கள் என்பார்கள். ஹெர்பர்ட்டின் சீட்டு எங்கள் ஊர்க் குழிக்கு விழுந்தது. யூனிபார்ம் கிடையாது, மெடல் கிடையாது. ஊருக்குள் நடந்தால், வாட்டசாட்டமான பையன் பட்டாளத்துக்குப் போகாமல் ஒளிந்துகொண்டிருக்கிறானே என்று பெண்கள் காதுபடவே பேசுவார்கள். யுத்தம் முடிந்ததும் மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இவர் இங்கேயே கல்யாணம் கட்டி, சாகிறவரைக்கும் கரித்தூளை மூச்சாக இழுத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

டோரீன் மூத்தவள், நெவில் சின்னவன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்களுக்கெல்லாம் நார்மண்டி அப்பாவும் ஆப்பிரிக்கா அப்பாவும் இருந்தார்கள். நெவிலிடம், உங்கப்பா சண்டையில என்னடா பண்ணாரு என்று கேட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான். ஒருநாள் அப்பாவிடமே போய்க் கேட்டானாம். கரி வெட்டினேன்டா, கரி இல்லாம எந்தச் சண்டை நடக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை மனசுதானே, அந்த வயசில் வருத்தப்பட்டது எனக்குப் புரிகிறது. வளர்ந்த பிறகும் அதையே ஊதிப் பெரிசாக்கி, ஊரான் தலையில் இறக்கினானே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இருபது வயசில் தலையை மொட்டையடித்து, பெரிய பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போக ஆரம்பித்தான். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறினவர்களிடமிருந்து நாட்டைக் காப்பாற்றப் போகிறானாம். பகலில் ரொட்டி வேன் ஓட்டுவான், சாயங்காலம் நாட்டைக் காப்பாற்றுவான். எந்தக் கட்சியிலும் அவனால் நிலைத்து நிற்க முடியாது. கடைசியில் தானே ஒரு கட்சி தொடங்கினான், தாயகக் காவல் கட்சி என்று. எங்கள் கிளப்பின் மாடி அறையில்தான் கூட்டம். உறுப்பினர் எல்லாருமே ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கட்சியும் இரண்டாகப் பிளந்தது. அவனைத் துரோகி என்று சொல்லி வெளியே தள்ளியவன் அவனுடைய சொந்த மச்சான். கீழே பீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு மேலே நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாததும் உண்டு. எங்கள் ஊர் டாக்டர் சௌத்ரி, சுரங்கத்தில் நுரையீரல் கெட்டவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற மனுஷன். ஹெர்பர்ட்டுக்கும் அவர்தான் வைத்தியம். ஒருநாள் விடிந்து பார்த்தால் அவர் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்டில் கேவலமான வார்த்தைகள். யார் வேலை என்று ஊருக்கே தெரியும். ஹெர்பர்ட் ஒரு வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு போனார். நாலு தேய்ப்பு தேய்ப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார், மறுபடியும் தேய்ப்பார். டாக்டர் வந்து கையைப் பிடித்துத் தடுத்தும் விடவில்லை. நெவில் எதிர்ச் சாரியில் ரொட்டி வேனுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வரவில்லை. அதற்கப்புறம் அப்பனும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. ஹெர்பர்ட்டை அடக்கம் செய்த அன்றைக்கு அவன் ஏதோ ஊரில் மேடையில் கத்திக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஊர்க் கரிச் சுரங்கத்தையே மூடினார்கள். ஊர் படுத்துவிட்டது. கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை அடித்துக்கொண்டன. அப்போதுதான் நம்ம ஆளுக்கு அதிர்ஷ்டம் பிறந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கோட்டும் டையும் மாட்டினான். கிழவிகள் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டினான், உடைந்த கேட்டைச் சரிபண்ணிக் கொடுத்தான், குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டுபோய் வைத்தான். எல்லா வேலைக்கும் நடுவில், இதுக்கெல்லாம் யார் காரணம் தெரியுமா என்று ஒரு வார்த்தை போடுவான். பழைய கட்சிக்காரர்கள் யாரும் வாசல்பக்கமே எட்டிப் பார்க்காத ஊர் இது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஒரு மே மாதம், ஓட்டுப்போட முக்கால்வாசிப் பேர் போகாத தேர்தலில், நெவில் கிராப்ட்ரீ கவுன்சிலர் ஆகிவிட்டான்.

கவுன்சிலில் அவன் என்ன கிழித்தான் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு தடவை எழுந்து குப்பை வண்டியைப் பற்றிக் கேட்டானாம், அதற்கும் பதில் சொல்வதற்குள் கிளம்பிவிட்டானாம். அவனுக்கு வேண்டியிருந்தது வேறு. நவம்பர் மாதம் நினைவு ஞாயிறன்று, யுத்தத்தில் செத்தவர்களுக்கு ஊரே திரண்டு அஞ்சலி செலுத்தும். பேண்டு வாசிக்கும். அந்தந்த வார்டு கவுன்சிலர் நினைவுக் கல்லின் அடியில் பாப்பி என்கிற சிவப்புப் பூவில் கட்டின மலர்வளையம் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையனாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அதே சதுக்கத்தில், ஊர் பார்க்க, தலை நிமிர்ந்து நடந்துபோய் வளையம் வைக்க வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் அவன் அத்தனை கிழவிகளின் புல்லையும் வெட்டினான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தத் தேர்தல் நோட்டீஸிலேயே 'பர்மா போர்வீரரின் மகன்' என்று அச்சடித்திருந்தான். புதுக் குடியிருப்புக்காரர்களுக்கு ஹெர்பர்ட்டை எங்கே தெரியும்? நம்பிவிட்டார்கள். டோரீன் அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எங்கப்பாவை பர்மாவுக்கு அனுப்பிட்டான் பெரில். செத்த மனுஷனைக் கொண்டுபோய்க் காட்டுக்குள்ள விட்டுட்டான். இங்க அவர் வெட்டின கரி, இருமினது, அதெல்லாம் எங்க போச்சு?"

பத்திரிகைக்குச் சொல்லு என்றேன். குடும்ப மானம் என்று மறுத்துவிட்டாள். ஆனால் அந்த வருஷம் சுரங்கத்தில் வேலை செய்தவர்களும் அணிவகுப்பில் நடக்கலாம் என்று முன்னாள் படைவீரர் சங்கம் சொல்லியிருந்தது. அப்பாவுக்காக நான் நடக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

நினைவு ஞாயிறன்று எல்லாரும் எங்கள் கிளப்பில்தான் கூடுவார்கள். குளிருக்கு ஒரு மடக்கு ரம் குடித்துவிட்டுச் சதுக்கத்துக்குக் கிளம்புவது வழக்கம். டோரீன் கறுப்புக் கோட்டில் வந்தாள். வலது மார்பில் ஒரு சின்ன ரிப்பனில் ஹெர்பர்ட்டின் பித்தளை வில்லை தொங்கியது. குழிக்குள் இறங்குகிறவர்கள் ஆளுக்கொன்று வைத்திருப்பார்களே, நம்பர் அடித்தது, அதுதான். பழைய சுரங்க ஆட்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அப்புறம் நெவில் வந்தான். நீலக் கோட்டு, பட்டாளத்துத் தொப்பி, கையில் மலர்வளையம். இடது மார்பில் பர்மா நட்சத்திரம், பர்மாவில் சண்டை போட்டவர்களுக்குக் கொடுத்த மெடல். கூடவே அவன் கட்சியின் போட்டோக்காரன். மண்டபத்தில் பேச்சு அப்படியே நின்றுபோனது. ஏனென்றால் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், இடது மார்பு அவனவன் சண்டை போட்டு வாங்கின மெடலுக்கு. அப்பா, தாத்தா, புருஷன் வாங்கினதை வலது மார்பில்தான் குத்திக்கொள்ள வேண்டும். ஆயுசு முழுக்கத் தேசம், பரம்பரை, வழக்கம் என்று தொண்டை கிழியக் கத்தினவனுக்கு அது தெரியவில்லை! சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சங்கத் தலைவர் பெர்சி உட்ஹெட் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். நிஜமாகவே பர்மாவில் சண்டை போட்டவர், ஹெர்பர்ட் செத்த பிறகுதான் இந்த ஊருக்குக் குடிவந்தவர். வயசு எண்பதுக்கு மேலே. அவருக்குக் கோபம் இல்லை. தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல்தான் பேசினார்.

"அப்பாவோடதா தம்பி? அப்போ அது வலது பக்கம் வரணும்ப்பா. கழட்டிக் குடு, நானே குத்திவிடறேன்."

நெவில் கழற்றிக் கொடுத்தான். வேறு என்ன செய்வான், போட்டோக்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெர்சி அதை உள்ளங்கையில் வைத்து ஆசையாகப் பார்த்தார். திருப்பினார். முன்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. பின்பக்கத்தை ஒருவரும் துடைத்ததே இல்லை, கறுத்துக் கிடந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பெரில், எனக்குக் கண்ணாடி இல்லம்மா. இதுல என்னமோ வெட்டியிருக்கு. படி."

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குட்டிக் குட்டி எழுத்து. சத்தமாகவே படித்தேன். "சிப்பாய் மெஹர் கான், பஞ்சாப் ரெஜிமென்ட்."

பெர்சி தலையை ஆட்டினார். நமக்குக் கொடுத்த நட்சத்திரத்தில் பெயர் போடவில்லை, இந்தியப் பட்டாளத்துக்குக் கொடுத்ததில்தான் பெயர் வெட்டினார்கள் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கினார். அதன்பிறகு நெவிலைப் பார்த்தார். இதே கான்களையும் சௌத்ரிகளையும் கப்பலேற்றி அனுப்ப வேண்டும் என்றுதானே அவன் ஆயுசு முழுக்க நோட்டீஸ் போட்டான்? எனக்குச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. டோரீன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

சந்தையில் வாங்கியது, அப்பாவோடது தொலைந்துபோனது, அதற்குப் பதிலாக என்று நெவில் எதையோ முனகினான். அவன் காது சிவந்துபோயிருந்தது.

"தொலைக்கறதுக்கு அவர்கிட்ட ஒண்ணும் இல்லடா," என்றாள் டோரீன். பித்தளை வில்லையைத் தூக்கிக் காட்டினாள். "அவர்கிட்ட இருந்தது இதுதான். உனக்கு இது போதல."

பெர்சி அந்த வில்லையைக் குனிந்து பார்த்தார். "பெவின் பையனா உங்கப்பா? அதைச் சொல்றதுக்கு என்னப்பா வெக்கம்? நாங்க சுட்ட துப்பாக்கிக்கு இரும்பு எந்தக் கரியில உருகிச்சுன்னு நெனச்ச?" என்று கேட்டார். பிறகு அவரே வழியும் சொன்னார். "வளையத்தை எடுத்துக்கோ. தொப்பியைக் கழட்டிட்டு உங்கக்காகூட கரிக்காரங்க வரிசையில வந்து நில்லு. மெடல் பத்தி இங்க ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

பெர்சி சொன்னால் சொன்னதுதான். அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் குழிக்குள் ரகசியம் காத்த ஆட்கள், செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் ஆசைப்பட்ட அதே சதுக்கம், அதே மலர்வளையம், அதே ஊர். அவன் செய்ய வேண்டியதெல்லாம் அக்கா பக்கத்தில் போய் நிற்பதுதான். டோரீன் கொஞ்சம் நகர்ந்து இடம்கூட விட்டாள். அதை நான் பார்த்தேன்.

நெவில் அந்த வரிசையைப் பார்த்தான். குனிந்த முதுகும் கோட்டுப்பையில் கைக்குட்டையுமாக நின்ற கிழவர்களைப் பார்த்தான். வாசலில் காமிராவோடு நின்றவனையும் பார்த்தான்.

"அந்த வரிசையிலயா?" என்றான்.

அவ்வளவுதான். மலர்வளையத்தை என் பீர் மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறை வழியாக வெளியே போய்விட்டான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளாவது ஒரு அரசனைப் பார்த்திருப்பாள். இவன் பார்த்த அரசன் யார்?

பெர்சி மெஹர் கானின் நட்சத்திரத்தைத் தன் கோட்டின் வலது பக்கத்தில் குத்திக்கொண்டார். செத்தவரின் உறவுக்காரர்களுக்கு உண்டான பக்கம். மலர்வளையத்தை டோரீன் எடுத்துக்கொண்டாள். கவுன்சிலர் வரவில்லை, அவருடைய அக்கா வைப்பார் என்று பெர்சி பாதிரியாரிடம் சொல்லிவிட்டார்.

நானும் கிளப்பைப் பூட்டிவிட்டுச் சதுக்கத்துக்குப் போனேன். இரண்டு நிமிட மௌன அஞ்சலி முடிந்து, டோரீன் வளையம் வைத்து, பேண்டு கிளம்பியது. கரிக்காரர்கள் வரிசை முதல்முறையாக எங்கள் கடைத்தெரு வழியே நடந்து வந்தது. முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்டர் சௌத்ரி, அவரும் கிழவராகிவிட்டார், நடைபாதையில் நின்று கைதட்ட ஆரம்பித்தார். அப்புறம் ரொட்டிக்கடைக்காரி. அப்புறம் தெரு முழுக்க. டோரீன் தலை நிமிர்ந்து நடந்தாள், பித்தளை வில்லை ஆடிக்கொண்டிருந்தது. ஹெர்பர்ட் கிராப்ட்ரீக்கு இந்த ஊர் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

தபால் நிலையத்துப் பக்கத்துச் சந்தில், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெவில் நின்றிருந்தான். எனக்கு அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. அந்தக் கைதட்டல் ஓய்கிறவரைக்கும் நின்றான். அவன் கை இரண்டும் கோட்டுப்பைக்குள்ளேயே இருந்தன.