என் சைரனுக்கு நின்றார்கள் என்று நினைத்தேன்

ஓசூரில் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். வண்டிக்கு நான் ஒருவன்தான், உதவியாள் கிடையாது. இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை பாகலூர் பக்கத்திலிருந்து நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றி வந்தேன். பின்னால் அவரோடு அவர் மனைவி மட்டும் இருந்தார். சந்திப்பில் சிவப்பு விளக்கு. ஆனால் கம்பெனி பஸ்கள், லாரிகள் எல்லாம் ஒதுங்கி நின்றன. எனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தேன்.

வலது பக்கமிருந்து இன்னொரு ஆம்புலன்ஸ் வந்தது. அவர்கள் நின்றது அதற்காக. என் சைரன் சத்தத்தில் அதன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வண்டியும் நின்றன.

அந்த டிரைவர் கண்ணாடியை இறக்கி, "உன் சத்தம் எனக்கும் கேக்கலண்ணா. நீ மொதல்ல போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போதுதான் அந்த அம்மாவின் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்தேன்; நான் பிரேக் போட்டதில் இடித்துக்கொண்டிருக்கிறார். நர்ஸ் விசாரித்ததற்கு, "ஊட்ல வழுக்கி உழுந்துட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "இனிமே நின்னு போப்பா" என்றார். மன்னிப்புக் கேட்காமலே வண்டியை எடுத்தேன்.

கணவர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது எந்தச் சந்திப்பிலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்கிறேன். "ஏன்யா நிக்கற, உசுரு போவுது" என்று நோயாளியோடு வருகிறவர்கள் பின்னாலிருந்து திட்டுவார்கள். அன்று அந்த அம்மா திட்டாமல் விட்டதைத்தான் இவர்களிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று, காலி வண்டியில் திரும்பும்போது நினைத்துக்கொள்வேன்.