சித்தப்பா பஸ்ஸின் டயர்

எங்கள் வீட்டில் எனக்கு ராசிக்காரி என்று பேர். கிணறு தோண்டினாலும் மாடு பிடிக்கப் போனாலும் என்னை முன்னால் நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் பஸ்ஸை இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்க அப்பா புதுக்கோட்டைக்குப் போனபோது, தலை வாரிப் பூ வைத்து என்னையும் ஏற்றிக்கொண்டார். கீரனூருக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் நடுவே ஓடிய அந்த ஒற்றை பஸ்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இன்ஸ்பெக்டர் இது ஓடக் கூடாது என்று எழுதிவிட்டால் அடுப்பு எரியாது. அது எனக்கும் தெரியும்.

கல்யாணப் பெண்ணுக்கு இரவல் நகை பூட்டுகிற மாதிரி, எஃப்.சி.க்குப் போகிற பஸ்ஸுக்கு இரவல் சாமான் பூட்டுவார்கள். பஸ் முதலாளிகளுக்குள் அது ஒரு முறையாகவே இருந்தது. அன்னவாசல் பக்கம் பஸ் விட்டிருந்த சித்தப்பா, தன் வண்டியை ஒருநாள் நிறுத்திவிட்டுப் புது டயர்களைக் கழற்றிக் கொடுத்தார். எங்களுடையது மொட்டை டயர். பிரேக்கோ டிரைவர் நாலு மிதி மிதித்தால்தான் பிடிக்கும். அதற்கும் அன்றைக்கு மட்டும் ஏதோ வைத்தியம் பார்த்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சிரித்த முகக்காரர். பஸ்ஸைச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார், தலையாட்டினார். அப்புறம் என் பக்கம் குனிந்து, இது யார் வீட்டு பஸ் என்று விளையாட்டாகக் கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எங்க பஸ்ஸுங்க. டயரு மட்டும் சித்தப்பாவோடது. சாயங்காலம் கழட்டிக் குடுத்துருவோம்."

அப்பாவின் முகம் செத்துப்போனது. இன்ஸ்பெக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பிள்ளை சூட்டிகைதான் என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வருகிற பஸ்ஸெல்லாம் இப்படித்தான் வருகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன.

திரும்பும்போது அப்பா என்னைப் பின் சீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை. சாயங்காலம் மொட்டை டயர்கள் பழையபடி ஏறுவதை அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குடியைக் கெடுக்கப் பார்த்தாயே என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். வெட்கத்தில் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போக வழக்கம்போல பஸ்ஸில் ஏறப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"இனிமே இதுல ஏற வேணாம். நடந்தே போ."

வாயாடியதற்குத் தண்டனை, வேறென்ன. தூக்குச்சட்டியோடு கண்மாய்க்கரையில் நடப்பேன். எங்கள் பஸ்ஸே என்னைத் தாண்டிப் போகும். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டி, மொதலாளி மக நடந்து போறா என்று கூவிச் சிரிப்பார்கள். இந்த நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும் என்று குனிந்துகொண்டே நடப்பேன்.

அந்த பஸ் கடைசிவரை கவிழவில்லை. யார் செய்த புண்ணியமோ, எங்கள் புண்ணியம் இல்லை. அன்றைய வெட்கம் எப்போதோ ஆறிவிட்டது. இப்போது இருக்கிற வெட்கம் வேறு, அதை யாரிடமும் சொல்லி ஆற்ற முடியவில்லை.

அடுத்த வருஷம் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அம்மா அவனையும் என் கையில் பிடித்துக் கொடுத்து, பஸ் பக்கம் போகவே கூடாது என்று சொல்லி நடக்கவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அடைத்துக்கொண்டு எங்கள் பஸ் கரைமேல் வரும்போது நாங்கள் இரண்டு பேரும் ஓரமாக இறங்கி வழிவிடுவோம். பாவம், இவனும் யாரிடமோ எதையோ உளறிவிட்டான் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.